அரை அரிசி

முதலில் பிளக்கைக் கழற்று.
இதை எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொள்வேன்.
ஒருமுறை சொல்லாமல் விட்டதற்கு
சுட்டுவிரல் நுனியில் தழும்பு சாட்சி.

ஞாயிறு. மரைன் டிரைவ் பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறேன்.
கடற்காற்று இந்த வீட்டில் எதையும் சும்மா விடாது:
கேட் கொண்டி, மின்விசிறிக் கழுத்து,
போன வருடம் வாங்கிய கத்தரிக்கோல்.
இரும்பு என்று எழுதி வைத்தாலே துரு வரும்.

பழைய பேப்பரின் மணமகள் தேவைப் பக்கத்தை விரித்து
அதன்மேல் எந்திரத்தைக் கவிழ்க்கிறேன்.
கொட்டுவது கொஞ்சம்தான்.
பொடியும் தோலும்
'பொறியியலாளர், 34, மது அருந்தாதவர்' மேல்
ஒட்டிக்கொண்டு போக மறுக்கின்றன.

சாசரில் மூன்று திருகாணி.
பாணந்துறை ரயில் போகும்போது
மூன்றும் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும்.
நடுவிலிருக்கும் நட்டு மட்டும் எதிர்ப்பக்கம்:
வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.
தெரியாமல் ஒரு மாதம்
அதை இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

பல் தெரிகிறது.

வாரம் ஆறு நாளும் பம்பலப்பிட்டியில்
பிறர் வாய்க்குப் பல் கட்டுவது என் வேலை.
பிளாஸ்டர் அச்சைக் கையில் வைத்தால் போதும்,
எந்தப் பக்கம் கடித்துப் பழகிய வாய் என்று சொல்வேன்.
இந்த வாய்க்கு நோயாளி அட்டை இல்லை.
மேலே வளையம், கீழே கூம்பு,
இடுக்கெல்லாம் கறுத்த எண்ணெய்.
முகர்ந்தால் காறல்,
மறந்துபோன நல்லெண்ணெய்ப் போத்தல் மூடிபோல.
மூன்று வாரமாய் இதைத்தான்
நல்ல கோப்பி என்று குடித்திருக்கிறேன்.

தண்ணீர் ஆகாது. சவர்க்காரம் ஆகாது.
உலர்ந்த பல் பிரஷ், லாபிலிருந்து வந்த கொக்கி,
சைக்கிள் பம்பால் இரண்டு மூச்சு.
(போதும் என்று சொல்ல ஆளில்லாததால் மூன்று.)

அப்போதுதான் கூம்பின் அடியில்
வெள்ளையாய் ஒன்று.
நெம்பி உள்ளங்கையில் போட்டேன்.
அரை அரிசி.
பச்சையரிசி, குறுக்காய் உடைந்தது.
பக்கத்தில் சீரகத்தின் வால்.

நோன்பு பத்தில் எதிர்வீட்டு நஸ்மியாவின் மிக்ஸி
புகைந்து நின்றது.
"கஞ்சிக்குக் கொஞ்சம் அரைச்சிட்டுத் தாரேன்."
கோப்பிக்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாய் "கொண்டு போங்க" என்றது.

நாலாம் நாள் திரும்பி வந்தது,
சலூனில் உட்கார்ந்தவர்போல் துவாய் போர்த்தி.
கூடவே ஒரு தட்டு கட்லட்.
"உள்ளுக்கும் துப்பரவாக்கின.
அரிசி போட்டு ஓட்டினா எண்ணெயெல்லாம் போயிருமாம்."

போகாது.
அரிசி கோப்பிக்கொட்டையைவிடக் கடினம்.
மோட்டார் முக்கும், பல் மழுங்கும்.
கட்லட்டைக் கடித்தபடி
தலையாட்டினேன்.

இப்போது பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன்.
ஒரு பல்லின் நுனி
மயிரிழை அளவு சிதைந்திருக்கிறது.
அவருடைய அரிசியா, முன்பு எப்போதோ வந்த கல்லா?
பல் இருபது வருடமாய் என்னிடம் பேசுகிறது,
ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்ததில்லை.

'அரை' என்றால் கட்டளை.
'அரை' என்றால் பாதி.
கட்டளையைக் கேட்டு
பாதியோடு நின்றுவிட்டது இது.

வளையத்தை மூடித் திருகுகிறேன்,
இரும்பை இரும்பு தொட்டு
'ஸ்ஸ்' என்னும்வரை. அது பூச்சியம்.
அங்கிருந்து பதினொரு தட்டு பின்னுக்கு.
முதல் பிடி குப்பைக்கு. மனமில்லாமல்தான்.

பெருநாள் போய் மூன்று நாளாகியும்
கட்லட் தட்டு என் அடுப்படியில்.
வெறுந்தட்டாய்க் கொடுக்க முடியாது,
எனக்குப் பொரிக்கவும் வராது.
இரண்டாம் பிடியை அரைத்து
பட்டர் தாளில் மடித்து
தட்டில் வைத்துப் போய்த் தட்டினேன்.

அரிசிக் கதையை எடுக்கவில்லை.
நஸ்மியா பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனார்,
கண்ணை மூடினார்.

"நல்ல வாசம். சீரகம் போட்டீங்களா?"

கொஞ்சம், என்றேன்.