ஐந்தரை மணி

அமிர்தகடேசன் கொண்டுவந்த எடைச்சீட்டில்
ஒன்றாம் தேதி, இரவு இரண்டு நாற்பது.
என் திரையில் முப்பத்தொன்று.
நூற்றுப் பத்து சிப்பம், பழைய விலை.

"ஒண்ணாந் தேதியிலேர்ந்து புது விலைன்னுதானேம்மா
பதினோரு நாள் குவியலுக்குக் காவலா படுத்துக் கெடந்தேன்."
சீட்டு வியர்வையில் ஊறி மை பரவியிருந்தது.
மனிதர் மறப்பார், மை கலையும்,
டேபிள் தப்பாது என்றுதான் படித்திருந்தேன்.
பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.
நம்பவில்லை, அதுதான் உண்மை.

சாயங்காலம் நீடாமங்கலம் கேட்டில் பஸ் நின்றது.
எப்போதும் நிற்பதுதான்.
இரண்டாவது வண்டியும் போகட்டும் என்று
டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார்.
ஜன்னலோரம் விரல்விட்டு எண்ணினேன்.
இரண்டு நாற்பதிலிருந்து பின்னால் ஐந்தரை:
ஒன்பது பத்து. முந்தின நாள்.

விரல் அங்கேயே நின்றது.

நெல்லை நிறுத்தது இங்கே,
ஆவணி மழைக்கு முன் முடித்துவிட
டார்ச் வெளிச்சத்தில்.
சர்வர் அதைக் குறித்துக்கொண்டதோ
இங்கே எவரும் பார்த்து எழுந்திராத
ஒரு பொது நேரத்தில்.
அதில் தப்பில்லை.
எந்த நாள் என்று கேட்ட என் வரிதான் தப்பு.
முதலில் ஊர் நேரத்துக்கு மாற்ற வேண்டும்,
பிறகு தேதியை நறுக்க வேண்டும்.
நான் நறுக்கிவிட்டு மாற்றியிருந்தேன்,
கதிரை அறுத்துப் போட்டபின்
பால் பிடிக்கட்டும் என்று காத்திருப்பவள்போல.

மறுநாள் திருத்தினேன்.
நள்ளிரவிலிருந்து ஐந்தரைக்குள் நிறுத்த
முப்பத்தேழு வரிசைகள் எழுந்து
ஒன்றாம் தேதிக்கு வந்து சேர்ந்தன.
அமிர்தகடேசனுக்கு
மூவாயிரத்து நூற்று அறுபத்தெட்டு ரூபாய் ஏறியது.

வலங்கைமான் பக்கத்து நிலையம் ஒன்று மட்டும் முரண்டியது.
எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் யாரோ
நல்ல எண்ணத்தில்
ஐந்தரையைக் கையாலேயே கூட்டி வைத்திருக்கிறார்.
நானும் கூட்டினேன்.
முப்பத்தொன்று மாலை ஏழுக்கு நிறுத்தவருக்கும்
புது விலை விழுந்துவிட்டது.
திரும்ப எடுக்க மனசு வரவில்லை.
எடுத்தேன்.

முடிந்தது என்று மூடப்போனால்
சீட்டுக்கட்டில் முப்பத்தெட்டு, திரையில் முப்பத்தேழு.

தேடினேன். பாக்கியவதி, இருபத்தாறு சிப்பம்.
நேரக் கட்டத்தில் நல்.
நெல்லின் ஒற்றைக்கொம்பு உதிர்ந்து கிடப்பதுபோல் ஒரு சொல்.
பூச்சியம் இல்லை அது, தெரியாது என்று பொருள்.
ஒன்றாம் தேதிக்கு முன்னா? வரமாட்டாள்.
பின்னா? அப்போதும் வரமாட்டாள்.
நல்லுக்கு நல் சமமா என்றால்கூட
பதில் கிடையாது.

போன் போட்டேன்.
"கரண்டு போன நேரம்மா அது. மணிய யாரு பாத்தா?
கடைசி சிப்பம் தராசுல ஏறயில
கூட்ஸ் வருதுன்னு கேட்ட மூடுனாங்க.
எங்க லாரி அந்தப் பக்கமே நின்னுபோச்சு."

கேட்கீப்பரின் நோட்டில்,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டத்தில், நீல மையில்:
மூடியது 1.52.
எந்த நாட்டு நேரம் என்று குறிப்பு இல்லை.
அந்த நோட்டுக்கு ஒரே ஊர்தான்.

கையெழுத்துக்கு இரண்டு நாள் அலைந்தேன்.
"ரயில்வே கேட்டுக்கும் நெல்லுக்கும் என்னம்மா சம்பந்தம்?"
பஸ்ஸில் வருகிறவர் இல்லை அவர்.

பிறகு பாக்கியவதியின் கட்டத்தில் எழுதினேன்:
முப்பத்தொன்று, இருபது இருபத்திரண்டு.
ஒன்றாம் தேதிக்காரிக்கு
முப்பத்தொன்று என்று என் கையாலேயே.
என்டர் தட்டுமுன் விரல்விட்டு
இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.