ஆர்-17

நாற்பத்தாறு கேள்விகள்.
முதல் கேள்விக்கே முக்கால் மணி நேரம் போயிற்று.

கிட்கும் சந்தையிலிருந்து ஒரே பைக்கில்
செம்மண் தின்றபடி வந்திருந்தோம்
சிக்னேயும் நானும்.
அவள் முதுகலை மாணவி.
வன்முறை, மோதல், வளர்ச்சி என்று
மூன்று சொற்கள் அவள் பட்டத்தின் பெயரில்.
நான் லாம்வகா. மொழிபெயர்ப்பவள்.
நாள் கணக்கில் கூலி, பெட்ரோல் தனி.
எனக்கு இவள் ஒன்பதாவது மாணவி.

அந்த அம்மாள் எள் புடைத்துக்கொண்டிருந்தாள்.
உட்காருங்கள் என்றது கண்.
முறம் நிற்கவில்லை.

பெயர்?

மின் ஒச்சாயா.

ஒச்சாயாவின் தாய். அச்சோலிகள் நாங்கள் அப்படித்தான்,
பிள்ளை பிறந்த அன்றே
தாயின் சொந்தப் பெயர் பெட்டிக்குள் போய்விடும்.

சிக்னே எழுதவில்லை.
பேனாவை மூடிவிட்டு
ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பத்தியைக் காட்டினாள்.
சொன்னேன்:
உங்கள் பெயர் எங்கும் வராது,
உங்கள் பாதுகாப்புக்காகத்தான்,
எண் மட்டும் போடுவோம்,
ஆர், பதினேழு.

முறம் நின்றது.

"முகாமில் இருந்தபோதும் எண் இருந்தது.
அட்டையில் ஓட்டை போட்டு
பயறு அளந்தார்கள், எண்ணெய் அளந்தார்கள்.
இந்த எண்ணுக்கு இவள் என்ன அளப்பாள்?"

இதைக் கொஞ்சம் மென்மையாக்கித்தான் சொன்னேன்.
மென்மையாக்குவதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கூலி.

சிக்னேயின் முகம் சிவந்தது, வெயிலாகவும் இருக்கலாம்.
நெறிமுறைக் குழு என்றாள்.
பதினாறு பக்க விண்ணப்பம் என்றாள்.
யாருக்கும் தீங்கு வரக் கூடாது என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றாள்.

"பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுபோனார்கள் அவனை.
எலும்பு வரவில்லை. போட்டோ கிடையாது.
இங்கேதான் என்று
ஒரு மாமரத்தடியைக்கூட என்னால் காட்ட முடியாது.
இந்த ஊரில் அவன் மிச்சமிருப்பது என் பெயரில் மட்டும்.
தண்ணீர்க் குழாயடியில் யாராவது என்னைக் கூப்பிட்டால்
அவனையும்தான் கூப்பிடுகிறார்கள்.
அதையும் அழித்துவிட்டு
யாரை, யாரிடமிருந்து பாதுகாக்கிறாள்?"

அப்படியே சொன்னேன்.
எள்ளளவும் குறைக்கவில்லை.

ஒரு கோழி வந்து
சிந்தியதைப் பொறுக்கிவிட்டுப் போனது.
சிக்னே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி
எதையோ எழுதினாள், அடித்தாள்,
மறுபடி எழுதினாள்.
யார் கேட்டாலும் நான் பார்க்கவில்லை என்பேன்.

மீதி நாற்பத்தைந்துக்கும் பதில் சொன்னாள் மின் ஒச்சாயா.
ஆடு எத்தனை இருந்தது, எத்தனை தேறியது.
இரவில் கதவுக்கு என்ன முட்டுக்கொடுத்தார்கள்.
யாரை நம்புவாள், அரசாங்கத்தையா, தொண்டு நிறுவனத்தையா
("மழையை, அதையும் பாதிதான்").
முப்பத்தெட்டாவது கேள்வி, மீண்டெழும் திறன்.
அதற்கு ஒவ்வொரு மாணவிக்கும்
ஒவ்வொரு சொல் போட்டிருக்கிறேன்.
அன்று கேட்டது:
இன்னும் சமைக்கிறீர்களா?
ஆமாம் என்றாள்.
ஐந்துக்கு நான்கு என்று குறித்துக்கொண்டாள் சிக்னே.

பதினான்கு மாதம் கழித்து ஆய்வேடு வந்தது,
என் போனுக்கு, பி.டி.எஃப்பாக,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நன்றியுரையில் நான் "என் மொழிபெயர்ப்பாளர்".
எனக்கும் பாதுகாப்பு.
ஒச்சாயாவைத் தேடினேன். தேடல் பெட்டி
பூஜ்யம் என்றது.

ஆனாலும் எடுத்துப் போனேன்.
யாரும் திரும்பி வந்து காட்டியதில்லை என்று
முன்பொருமுறை அவள் சொன்னது
உறுத்திக்கொண்டிருந்தது.

எழுபத்தோராம் பக்கத்தில் அட்டவணை.
இதுதான் நீங்கள் என்று காட்டினேன்.
சற்று நேரம் பார்த்தாள்.
எள்ளெண்ணெய் படிந்த விரலைத் துணியில் துடைத்து
திரையில் மெல்ல வைத்தாள்,
தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

தொட்டதும் பக்கம் நகர்ந்துவிட்டது.

விரலுக்கடியில் இப்போது ஆர்-22.

திருப்பி வைக்கப் போனேன்.
என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு.
இது யாருடைய அம்மா?"