குறைந்த சூட்டில்

வின்னிப்பெக் ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரம்
படகின் அடியில் ஒரு கீறலைக் கண்டேன்.
கட்டைவிரல் நீளம்தான்.
தண்ணீருக்கு நீளமா முக்கியம்?

ஆர்போர்க்கில் வெல்டிங் வைக்கும் ஓஸ்டாப்பிடம் போனால்
நூற்றெண்பது டாலர், இரண்டு வாரம்,
கூடவே ஒரு பெருமூச்சு.
மீன்பிடிக் காலமோ திங்கட்கிழமை திறக்கிறது.

போன கோடையில் கிம்லி சந்தையில் ஒருவன்
பியர் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு
ஒரு குச்சியை உருக்கி அடைத்துக் காட்டினான்.
எட்டுக் குச்சி முப்பத்தைந்து டாலர்.
கைதட்டியவர்கள் பலர். வாங்கியவள் நான்.

முதல் நாள் சுடரைக் குச்சியில் காட்டினேன்.
காய்ந்த கல்லில் தெளித்த தண்ணீராய்
உருண்டு உருண்டு ஓடியது.
இரண்டு குச்சிகள் சிமென்ட் தரைக்கே போயின.
ஹால்டோர் வாசலில் நின்று
உரக்கச் சும்மா இருந்தான்.

மறுநாள்தான் தாளைப் படித்தேன்.
குச்சியைச் சுடாதே, தகட்டைச் சுடு,
தகடு குச்சியை உருக்கட்டும்.
எஃகுத் தூரிகையால் தேய்;
காற்றுப் பட்டதுமே மேலே ஒரு தோல் வளரும்,
கண்ணுக்குத் தெரியாத தோல்,
அதன்மேல் எதுவும் ஒட்டாது.

இரும்பு சிவந்து எச்சரிக்கும்.
அலுமினியம் வெளுத்த முகத்தோடே இருந்து
சட்டென்று சரியும்.
பதினாறடிப் படகோ
கொடுத்த சூட்டையெல்லாம் முனைவரை பரப்பித் தின்றுவிடும்.
பக்கத்து வீட்டு ஓட்னி இன்னொரு டார்ச்சோடு வந்தாள்.
ஆளுக்கொரு பக்கம், நடுவில் கீறல்.
உரசினேன். உரசினேன்.
நனைந்தது.
ஒட்டியது என்று சொல்லமாட்டேன், நனைந்தது.

அந்தக் கோடை முழுக்க ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

செப்டம்பரில், மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல்.
கை பழகிவிட்ட கர்வம்; மூன்று குச்சிகள்.
வெள்ளித் தழும்பு, பார்க்க அத்தனை அழகு.
கரைக்கு ஆறு மைல் இருக்கும்போது காற்று திரும்பியது.
தழும்பு அப்படியே இருக்க
அதன் விளிம்பில் ரொட்டி பிட்டதுபோல் பிராக்கெட் பிளந்தது.
சங்கிலி மோட்டாரைப் பிடித்துக்கொண்டது.
ஓட்னி துடுப்பைப் பிடித்தாள், என்னைப் பார்க்காமல்.
நான்கு மணி நேரம்.
மூன்று பெட்டி மீன், ஐஸ் கரைந்து காலடியில் வழிய.

ஓஸ்டாப் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
உன் துத்தநாகத்தைச் சுரண்டி எடுத்தால்தான்
என் வெல்டிங் பிடிக்கும் என்றான்.
சுரண்டத் தனிக் கூலி.

வாங்கலாமா என்று யாராவது கேட்டால்
எதற்கு என்கிறேன்,
தண்ணீரை நிறுத்தவா, எடையைச் சுமக்கவா?
ஆமாம் இல்லை என்று சொல்லேன் எனச் சிலர் கோபிக்கிறார்கள்.

மீதி இரண்டு குச்சிகள் இழுப்பறையில் கிடக்கின்றன.
இன்று காலை ஹால்டோர்
பனி வாரும் அலுமினிய வாரியை நீட்டினான்.
உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல்.
இது எதில் சேர்த்தி, தண்ணீரா எடையா என்றான்,
முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பனி இரண்டும்தான்.
எஃகுத் தூரிகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.