இரண்டாவது துளி

ஜனவரியில் ட்ரக்காய் ஏரி மூடிக்கொள்கிறது.
கொட்டகையில் படகுகள் கவிழ்ந்து கிடக்க
பன்னிரண்டு பெண்கள் கூடத்துக்குள் உட்கார்ந்து
எங்கும் போகாத இயந்திரத்தில்
துடுப்பு வலிக்கிறார்கள்.
துடுப்புக்கு ஒன்றும் வலிக்காது.

என் வேலை காது.
நான்கு நிமிடம் அவர்களுக்கு,
அரை நிமிடம் எனக்கு.
மடலைத் துடைத்து ஊசியால் ஒரு குத்து.
முதல் துளியை வழித்தெறிய வேண்டும்,
அதில் வியர்வை கலந்திருக்கும்.
இரண்டாவதைத்தான் கருவி நம்பும்.

முகம் மறந்தாலும் எனக்கு மடல் மறக்காது.
மில்டாவுடையது மெல்லியது, கேட்காமலே கொடுக்கும்.
யோவிதாவுடையதைக் கசக்க வேண்டும்.
ஸ்கிர்மான்டேக்குத் தூர்ந்துபோன கம்மல் துளை ஒன்று;
எள்ளளவு தள்ளிக் குத்துவேன்.

இருநூற்றுப் பத்து வாட்டில் இரண்டு புள்ளி ஆறு.
இருநூற்று நாற்பதில் நான்கு புள்ளி ஒன்பது.
போன வருஷம் இதே படியில்
மூன்றைத் தாண்டவில்லை அவள் ரத்தம்.
ஜிட்ரூனாஸ் மறுகோடியில்
யாருக்கோ போனில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.
என் பேனா நான்கின் மேலேயே நின்றது.
மூச்சுக்கு நடுவே சொன்னாள்:
"எழுது. என்னுடையதுதானே."

எழுதினேன்.

பிப்ரவரிக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள்.
பெயர் இருந்தால் அறை, மூன்று வேளைச் சாப்பாடு,
தொடையை நீவிவிட ஓர் ஆள்,
மாதப் படி, வில்னியஸ் மருத்துவரிடம் போக வேன்.
இல்லாவிட்டால் கதவு.
கதவுக்கு யார்மேலும் கோபமில்லை.
அட்டையைக் காட்டினாள், சிவப்பு எரிந்தது.
திருப்பிக் காட்டினாள்.
பிறகு ஜன்னலைத் தட்டி
தண்ணீர் பாட்டிலை மட்டும் கேட்டு வாங்கிப் போனாள்.

முதுகு காட்டினால் தோல்வி என்பது வேறு போர்க்களம்.
இங்கே முதுகுதான் முன்னே போகும்.
முந்துகிறவள் கண்ணில்
பின்தங்கிய முதுகுகள் அத்தனையும் விழும்.
கடைசிப் படகுக்கு
வெறும் தண்ணீர்.

ஏப்ரல் ஒன்பது. பனி உடைந்து பதினோரு நாள்.
ஆறு மணி ஆகவில்லை.
அணி இன்னும் ஓட்ஸ் கஞ்சிக்கு முன்னால்.
எதிர்க்கரையில், சுற்றுலாக்காரர்களுக்கு
மிதிபடகு வாடகைக்கு விடுகிற துறையிலிருந்து
ஒற்றைப் படகு ஒன்று கிளம்பியது.
முதுகை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்:
இடது தோள் ஒரு நூல் தாழ்ந்து
வெகுநேரம் வந்துகொண்டேயிருந்தது.

எங்கள் மிதவையில் துடுப்பை ஊன்றி நின்றாள்.
இறங்கவில்லை. இறங்க அனுமதியும் இல்லை.
கம்பளித் தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளி
காதைத் திருப்பினாள்.

இழுப்பறையில் ஆறு பட்டைகள்,
மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி.
கணக்கிலிருந்து அடித்தாகிவிட்டது.
குப்பையில் போட எனக்குத்தான் மறந்திருந்தது,
அல்லது மறக்கவில்லை.

ஈரப் பலகையில் மண்டியிட்டேன்.
குளிரில் மடல் வெளுத்துக் கிடந்தது,
இரண்டு விரலால் தேய்த்துச் சூடாக்கினேன்.
குத்தினேன்.
முதல் துளியைத் துடைத்தேன்.

அடுத்தது ஊறி வரும்வரை
மிதவை ஆட, படகு ஆட,
ஆளுக்கொரு கையால்
படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.