அரைப் பேர்

படிவத்தின் முதல் கேள்வி முழுப் பெயர்.
"எந்த மாசத்துக்கு ஐயா?" என்றார் யோகமலர்,
சிரிக்காமல்.
அரைப் பேர் பதினொன்று விழுந்த மாதமொன்று
ஏற்கெனவே என் பைக்குள் இருந்தது.

நோர்வூட் வளைவு. தூறல்.
கிழங்கு மூட்டை ஏற்றிய லொறி பின்னால் வழுக்கி வந்து
ஆட்டோவை மண்மேட்டோடு சேர்த்துவிட்டது.
லொறிக்கு எங்கள் காப்புறுதி.
இடது கை, கம்பிக்கும் மேட்டுக்கும் நடுவில்.
சுட்டுவிரல் மடங்காது. நடுவிரல் பாதி.
டிக்கோயா டாக்டரின் எழுத்தும்
பாதிதான் விளங்குகிறது.

கோணமானியை விரல்மேல் வைத்தேன்.
முப்பத்தைந்து பாகை.
"வலிக்குதா?"
"நீங்க பிடிக்கிறதா, நான் மடிக்கிறதா?"
இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் இருந்தது.

பழக்கக் கை எது என்கிறது படிவம்.
வலதுக்கு ஒரு விலை,
இடதென்றால் அதில் கழிவு.
எழுந்து நின்றார்.
லயத்துக் காம்பராவின் நடுவில்
இல்லாத செடியை இடுப்புயரத்தில் நிறுத்தி
இரண்டு கையாலும் கிள்ளினார்,
வலது, இடது, வலது, இடது,
தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தார்.
இடதின் முறை வரும்போதெல்லாம்
காற்றில் ஒரு கொழுந்து மிச்சம் நின்றது.
வலது என்று எழுதினேன்.
கையொப்பம் வலதால்தானே போட்டார்.

"இப்ப என்ன வேலை, அக்கா?"
"புல்லு வெட்டுறேன். கொந்தரப்பு கெடச்சா அதுவும்.
கங்காணி பாவம் பார்த்தா முழுப் பேரு."
வருமானம் தொடர்கிறது.

பிறகு செக்ரோல்.
"விபத்துக்கு முந்தின மார்ச்சிலேயே
பதினொரு நாள் அரைப் பேர்தானே?"
கேள்வி எங்கள் சட்டத்தரணியுடையது,
குரல் மட்டும் என்னுடையது.
"மார்ச்சில செடியிலதான் கொழுந்து இல்ல.
கையில இல்லாம போகல."
முந்தைய குறைபாடு இருந்திருக்கலாம் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
அந்த இருந்திருக்கலாமுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

தேத்தண்ணி வந்தது. அவரே கொண்டுவந்தார்,
கித்துள் கருப்பட்டி ஒரு துண்டோடு,
தட்டை இடது உள்ளங்கையில் தாங்கி
பெருவிரலால் விளிம்பை அழுத்திக்கொண்டு.
எத்தனை நாள் பழகினாரோ.
குடித்தேன். நல்ல சாயம், நாக்குச் சுட்டது.
ஹட்டனில் பஸ் நிற்கும்வரை யோசித்துவிட்டு
குறிப்பில் எழுதினேன்:
உதவியின்றித் தட்டு ஏந்துகிறார்.

ஏழரை வீதம் என்று கணக்கை முடித்தேன்.
போனில் சொன்னபோது
"ஏழரையா? அதுதான் ரெண்டு வருஷமா நடக்குதே!"
அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.
பின்னால் யாரோ ஒரு பிள்ளையும் சேர்ந்து சிரித்தது,
என்ன ஏதென்று தெரியாமலே.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து கோப்பு திரும்பியது.
பச்சை மையில் ஒரு கோடு.
ஏழு நிற்கிறது.
அரையை வெட்டியிருக்கிறார்கள்.