வடக்கே பதினான்கு பாகை

சித்தூர் தாண்டி, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்,
நிலக்கடலைக் கொல்லைகளின் நடுவே
கம்பி வேலிக்குள் ஆயிரம் ஆன்டெனா.
தின்றுபோட்ட மீன்முள் நட்டுவைத்தாற்போல் இருக்கிறது
என்பார் வாயிற்காவல் முனெய்யா.

இரவு ஷிஃப்ட். நானும் ஏ.சி. இரைச்சலும்.
இங்கே வானத்தை நேருக்கு நேர் கேட்டால்
இந்தச் சங்கதிக்குப் பதில் வராது.
வடக்கே பதினான்கு பாகை சாய்த்துக் கேட்க வேண்டும்.
பூமியின் காந்தக் கோடுகள் இங்கே
துணி காயாத நாளின் கொடிக்கயிறாய்ப் படுத்துக் கிடக்கின்றன.
டிரோம்சோவில் அவை அடைமழைபோல் செங்குத்து.

அங்கே ரேடார் ஓட்டும் சினோவெ எழுதுகிறாள்:
பச்சை. இப்போது அடியோரம் சிவப்பு.
வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள்,
ஒரு நாய் மட்டும் தரையை மோந்துகொண்டு.
உங்களுக்கு என்ன தெரிகிறது?

எனக்கு என்ன தெரியும்.
ஒன்பது நாற்பதுக்குத் திரையில்
முந்நூறு கிலோமீட்டரில் ஏதோ கொதித்து
அறுநூறு, எழுநூறு என்று
ஒரு புகைத்தூண் சாய்ந்து ஏறுகிறது.
துருவத்தில் விழுந்த அடிக்கு
இங்கே விலா அதிர்கிறது.
நடுவில் எத்தனை நாடு, எத்தனை கடல்,
எதையும் அது கேட்கவில்லை.

வெளியே போய்ப் பார்த்தேன்.
கிழக்கே அறுமீன். மற்றபடி எப்போதும்போல் இருட்டு.
"ஏமன்னா கனபடிந்தா மேடம்?"
"லேது" என்றேன். பொய்யில்லை.

பத்தேகாலுக்கு வாசலில் ஹார்ன்.
மதனப்பள்ளித் தக்காளி, கோயம்பேட்டுக்கு.
போனை நீட்டுகிறார் டிரைவர் தணிகாசலம்:
"ரோட்டுல நிக்கிறேன்மா, ஏரிக்குள்ள நிக்கிறேங்குது.
ஒரு நிமிசம் தமிழ்நாடுங்குது,
மறு நிமிசம் ஆந்திராங்குது.
எந்த ஊரு போலீசுக்கு நான் பயப்படறது?"

இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேப்பை நம்பாதீங்க என்றேன்.
"யாரு பண்ற வேலை இது?"
சூரியன்.
மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"இந்த நேரத்துலயா?"

முனெய்யா சிரித்த சிரிப்பில்
வேலியோரம் ஆட்காட்டி ஒன்று கத்திப் பறந்தது.
சுருக்கமாகச் சொல்லத்தான் பார்த்தேன்;
அது புயலில் போய் முடிந்தது,
புயல் என்றதும் அவர் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினார்.
போகும்போது நான்கு பழம் கையில் திணித்தார்.

திரும்பி வந்தால் தூண் கிழக்கே நகர்ந்து
கதிர்ப்பாதையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.
பதிவேட்டில் நேரம், உயரம், வேகம் எழுதினேன்.
பிறகு சினோவெக்கு:

இங்கேயும் சிவப்புதான். காம்போரம் கொஞ்சம் பச்சை.
மொத்தம் நான்கு. ஒன்று நசுங்கிவிட்டது.

இன்னும் அவள் பார்க்கவில்லை.
அங்கே இன்னும் அண்ணாந்து நிற்கிறாள்போல.