எழுபத்தோராவது பெயர்

பாஸ்போர்ட்டில் விழுந்த முதல் முத்திரை.
மை காய்ந்துவிட்டதா என்று
இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.
பெய்ரா விமான நிலையத்துக்குப் பாதிக் கூரைதான் இருந்தது.
அந்தப் பாதியின் கீழே
மாவு மூட்டைகள், தண்ணீர்ப் புட்டிகள், நான்.

பதினோரு வருடம் மாவட்டப் பக்கம் எழுதியவன்.
குடிநீர்க் குழாய் உடைப்பு,
வேன் கவிழ்ந்து ஒன்பது பேர் காயம்,
திங்கள்கிழமை மனுநாள்.
வெளிநாட்டுப் புயலுக்கு என்னை அனுப்பியதற்கு
வேறு யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை என்பதே காரணம்.

புசி ஆற்றைப் படகில் கடந்தோம்.
வெள்ளம் வடிந்த பள்ளிக்கூடம்.
சுவரில் என் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு,
கோட்டுக்கு மேலே ஏழாம் வாய்பாடு,
ஏழைந்து வரைக்கும்.

நோட்டைத் திறந்ததுதான் தாமதம்,
எதிரே ஒரு பெண் வந்து நின்றாள்.
அவள் பின்னால் ஒருவர். அவர் பின்னால் வரிசை.
"நிவாரணப் பட்டியல் எழுத வந்தவர் என்று நினைக்கிறார்கள்,"
என்றான் மொழிபெயர்க்க வந்த இனாசியு.
இல்லை என்று சொல், என்றேன்.
வரிசையின் கடைசிவரை பார்த்துவிட்டு,
"நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

எழுதத் தொடங்கினேன்.

அவசரத்தில் கை தன் மொழியில்தான் ஓடும்.
செலெஸ்தினா, ஜெனுவாரியு, ஃபௌஸ்தினு,
ஓஃபேலியா, ஸெஃபெரினு.
அஃது இஃதோடு பள்ளியில் விட்டுவந்த எழுத்து
இங்கே பக்கத்துக்குப் பத்து.
தலை நிமிர்ந்தால் முற்றத்திலும் அதே மூன்று புள்ளி:
அடுப்புக்கு வைத்த கற்கள்,
மேலே சட்டி இல்லை.

முதலில் வந்த செலெஸ்தினா
கடைசியிலும் வந்து நின்று வேறொரு பெயர் சொன்னாள்.
மனுநாள்களில் பார்த்த தந்திரம்தான்.
சிரித்துக்கொண்டே எழுதினேன்,
எழுபத்தொன்று.

மாலையில் லாரி வந்தது.
அதிகாரி அல்பெர்த்தினாவின் பதிவேடு
நனைந்து ஒரே கட்டியாகியிருந்தது.
என் நோட்டை வாங்கினாள்,
தலைகீழாகத் திருப்பினாள், நேராக்கினாள்.
"இதை யார் படிப்பது?"

லாரிமேல் ஏறினேன்.
முதல் பெயரிலேயே நாக்கு இடறியது.
வரிசை சிரித்தது.
புயலுக்குப் பின் அவர்களின் முதல் சிரிப்பு
என்று எழுத ஆசைதான்.
எனக்கெப்படித் தெரியும்,
நான் நேற்றுத்தானே வந்தேன்.
கூப்பிடக் கூப்பிட வந்தார்கள்.
சோள மாவு, சோப்பு, நீலத் தார்ப்பாய்.
தப்பாகச் சொன்ன பெயரைத்
திருத்திவிட்டே வாங்கினார்கள்.

ஃபெலிஸ்மினா மபொட்டே.
யாரும் வரவில்லை.
கோர்ட்டு வாசல் டவாலிபோல மூன்று தரம் கூப்பிட்டேன்.
ஆட்கள் மண்ணைப் பார்த்தார்கள்.
செலெஸ்தினா மட்டும், மூட்டை காலடியில் கிடக்க,
ஆற்றின் பக்கம் திரும்பி நின்றாள்.

"அவள் மகள்" என்றான் இனாசியு.
"ஒன்பது நாளாகக் கரையோரம் கூப்பிட்டுத் திரிந்தாள்.
இப்போது தொண்டை கட்டிவிட்டது.
மாவுக்காக இல்லை.
உயரத்தில் நின்று யாராவது கூப்பிட வேண்டுமாம்."

உதட்டில் பல் பதித்து, மூச்சை விட்டு,
அந்த எழுத்தை முதன்முறையாகச் சரியாகச் சொன்னேன்.
நான்காம் தரம். ஐந்தாம் தரம்.
அக்கரையில் நாணல் அசைந்தது.
காற்றுதான்.

இறங்கியதும் கையை நீட்டினாள்.
அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.
எந்தப் பக்கம் மேல் என்று கேட்டுக்கொண்டு,
மடித்துக் கப்புலானா முடிச்சில் வைத்தாள்.

ஆசிரியரின் தகவல் வந்திருந்தது:
முந்நூறு வார்த்தை, அழுகிற குழந்தை படம் ஒன்று.
குழந்தைகள் சோப்பு முகர்ந்துகொண்டிருந்தார்கள்.
அதை எடுத்து அனுப்பினேன்.

இரவு அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்.
நிவாரணம் பெற்றவர் எழுபதா, எழுபத்தொன்றா,
செய்தியில் இரண்டும் இருக்கிறதே?
லைன் சரியில்லை என்றேன்.